ஒரு மணி நேரத்தில் 22 கிருமிகள்: வயிற்றுப்போக்குக்கான விரைவுப் பரிசோதனைக் கருவி சிறிய மருத்துவமனைக்குத் தேவையா?

கேள்வி: காவிரிக்கரை

அனைவருக்கும் வணக்கம். டெல்டா மாவட்டம் ஒன்றில் 50 படுக்கைகள் கொண்ட தனியார் மருத்துவமனையின் நிர்வாகப் பொறுப்பில் இருக்கிறேன். நான் மருத்துவர் அல்லன். எங்கள் மருத்துவர்களிடையே கருத்து இரண்டாகப் பிரிந்து நிற்பதால், இத்துறையில் பழக்கமுள்ளவர்களிடம் கேட்டுத் தெளிவு பெறலாம் என்று எழுதுகிறேன்.

மழைக்காலம் தொடங்கிவிட்டால் வயிற்றுப்போக்கு, வாந்தி, காய்ச்சல் என்று வருவோரின் எண்ணிக்கை எங்கள் புறநோயாளிப் பிரிவில் பெருகிவிடும். மலத்தை நுண்ணோக்கியில் பார்க்கவும், டைஃபாய்டு என்று சந்தேகித்தால் வைடால் என்னும் இரத்தப் பரிசோதனை செய்யவும் எங்கள் ஆய்வகத்தில் வசதி உண்டு. மலக் கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை, வேண்டுமானால் மாதிரியைத் திருச்சிக்கு அனுப்புகிறோம். அதன் முடிவு மூன்றாம் நாளோ நான்காம் நாளோ வந்து சேரும்போது நோயாளி குணமாகி வீட்டுக்குப் போயிருப்பார், அல்லது பெரிய மருத்துவமனைக்கு மாற்றப்பட்டிருப்பார். அந்தத் தாள் கோப்பில் சேர்வதைத் தவிர வேறு எதற்கும் பயன்படுவதில்லை. இதற்கிடையில் முதல் நாளே ஆஃப்லாக்சசினும் ஆர்னிடசோலும் கலந்த ஆன்டிபயாடிக் மாத்திரை ஏறக்குறைய எல்லோருக்கும் எழுதப்பட்டுவிடுகிறது.

அண்மையில் ஒரு விற்பனைப் பிரதிநிதி வந்து, மல மாதிரியை ஒரு கேட்ரிட்ஜில் இட்டுக் கருவியில் செருகினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் 22 கிருமிகளில் எது இருக்கிறது என்று சொல்லிவிடும் பி.சி.ஆர். கருவியை அறிமுகப்படுத்தினார். ஒரு மாதிரிக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். காரணம் தெரிந்துவிட்டால் தேவையற்ற ஆன்டிபயாடிக் குறையும் என்கிறார் எங்கள் பொது மருத்துவர். தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் கொடுக்கப்போவது உப்பு சர்க்கரைக் கரைசல்தானே என்கிறார் குழந்தைநல மருத்துவர். இருவர் சொல்வதும் எனக்கு நியாயமாகவே படுகிறது.

இத்தகைய பரிசோதனையால் உண்மையில் பயனடையும் நோயாளிகள் யார்? சிறு அட்டையில் கோடு விழுவதைப் பார்த்து விடை சொல்லும், சில நூறு ரூபாயில் முடியும் கார்டு டெஸ்ட்டுகளே போதுமா? எங்களைப் போன்ற இடத்தில் இந்தக் கருவியை வாங்குவது சரியான செலவா? அனுபவமுள்ளவர்கள் கூறினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: நுண்ணோக்கி

ஐயா, வணக்கம். மருத்துவக் கல்லூரி ஒன்றின் நுண்ணுயிரியல் துறையில் பணியாற்றுகிறேன். தங்கள் மருத்துவர்கள் இருவரும் வெவ்வேறு நோயாளிகளை மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள் என்று தோன்றுகிறது. அவரவர் நோயாளியைப் பொறுத்தவரை இருவர் சொல்வதும் சரியே.

முதலில் கருவியைப் பற்றி. பிரதிநிதி காட்டியது ஃபிலிம்அரே என்ற பெயரில் விற்கப்படும் கருவி வகையைச் சேர்ந்ததாக இருக்கலாம். 2014-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஒப்புதலைப் பெற்ற அந்தத் தொகுப்பு 13 பாக்டீரியாக்களையும் 5 வைரஸ்களையும் 4 ஒட்டுண்ணிகளையும் ஒரே ஓட்டத்தில் தேடுகிறது. கல்ச்சரில் கிருமி உயிரோடு வளர்ந்தாக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி ஊட்டக்கலவை தேவை. கேம்பைலோபேக்டர் என்றால் ஆக்சிஜன் குறைந்த சூழலும் 42 பாகை வெப்பமும் வேண்டும் என்பதால் பெரும்பாலான சிறு ஆய்வகங்கள் அதைத் தேடுவதே இல்லை. பி.சி.ஆர். கிருமியின் மரபுப்பொருளை மட்டும் தேடுவதால் இந்தச் சிக்கல்கள் எதுவும் அதற்கில்லை. வேகம், பரப்பு, கூர்மை ஆகிய மூன்றிலும் அது கல்ச்சரைவிட மேலானது என்பதில் ஐயமில்லை.

ஆனால் அந்தக் கூர்மையே நம் நாட்டில் ஒரு சிக்கலாகவும் அமைகிறது. கொல்கத்தா உள்பட ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஏழு இடங்களில் நடந்து 2013-இல் வெளியான 'ஜெம்ஸ்' ஆய்வில், கடும் வயிற்றுப்போக்குடன் வந்த குழந்தைகளில் 83 விழுக்காட்டினரின் மலத்தில் ஏதாவதொரு நோய்க்கிருமி காணப்பட்டது. அதே ஊர்களில் வயிற்றுப்போக்கே இல்லாமல் ஒப்பீட்டுக்காகச் சேர்க்கப்பட்ட குழந்தைகளில் அது எத்தனை என்றால், 72 விழுக்காடு. கிருமி இருப்பதும் அந்தக் கிருமியால் நோய் வந்திருப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பின்னர் அதே மாதிரிகளைக் கிருமியின் அளவையும் கணக்கிடும் பி.சி.ஆர். முறையில் ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டபோதுதான், ஷிகெல்லா, ரோட்டா வைரஸ், அடினோ வைரஸ் 40/41, ஒரு வகை ஈ.கோலை, கிரிப்டோஸ்போரிடியம், கேம்பைலோபேக்டர் ஆகிய ஆறும் பெரும்பங்கு நோய்க்குக் காரணம் என்று நிலைநாட்ட முடிந்தது. தங்களுக்குக் காட்டப்பட்ட கருவியோ அளவைச் சொல்லாது. 'உண்டு', 'இல்லை' என்று மட்டும் சொல்லும். ஒரே மாதிரியில் மூன்று கிருமிகள் 'உண்டு' என்று வந்தால் எதை நம்புவது என்பதை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும்.

இன்னொரு குறையும் உண்டு. ஷிகெல்லா இருக்கிறது என்று கருவி ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடும். அதற்கு எந்த மருந்து கேட்கும் என்று சொல்லாது. சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகளுக்கு ஷிகெல்லா பெருமளவில் கட்டுப்படாமல் போய்விட்ட நம் நாட்டில் அந்த இரண்டாவது செய்தியே சிகிச்சைக்கு முக்கியமானது. ஆகவே பி.சி.ஆரில் பாக்டீரியா தென்பட்டால் அதே மாதிரியைக் கல்ச்சருக்கும் அனுப்ப வேண்டியிருக்கும். இரண்டு செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

பயன்பெறுவோர் யார் என்ற கேள்விக்கு வருகிறேன். காய்ச்சலோடு இரத்தமும் சளியும் கலந்து போகிறவர்கள். வயிற்றைப் பிடித்து முறுக்கும் கடும் வலியோ இரத்தத்தில் கிருமி பரவியதற்கான அறிகுறியோ உள்ளவர்கள். இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிப்பவர்கள். மருத்துவமனையில் ஆன்டிபயாடிக் எடுத்துக்கொண்டிருக்கும்போது வயிற்றுப்போக்கு தொடங்கியவர்கள். எல்லோருக்கும் மேலாக, சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், புற்றுநோய் மருந்து எடுப்பவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள் ஆகிய எதிர்ப்பாற்றல் குன்றியவர்கள். சிறுநீரகம் மாற்றிக்கொண்ட ஒருவருக்கு நாள்கணக்கில் பேதி நிற்காதபோது, அது மருந்தின் பக்கவிளைவா, நோரோ வைரஸா, கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியா, சைக்ளோஸ்போரா என்ற ஒட்டுண்ணியா என்பதைப் பொறுத்து அடுத்த அடியே மாறிவிடும். சைக்ளோஸ்போராவுக்குக் கோட்ரைமாக்சசோல் என்ற மலிவான மாத்திரை கேட்கும். ஆனால் சிறப்புச் சாயம் ஏற்றிப் பார்க்காத சாதாரண நுண்ணோக்கிப் பரிசோதனையில் அது கண்ணுக்குத் தப்பிவிடும். இத்தகைய நோயாளிக்குச் செலவிடும் பணம் வீணன்று.

ஆனால் 50 படுக்கை மருத்துவமனைக்கு இவர்களில் எத்தனை பேர் வருவார்கள்? சிகிச்சைகளின் பயனை மதிப்பிடும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு இந்தக் கருவிகளை ஆராய்ந்து, வழக்கமான பயன்பாட்டுக்குப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்று 2017-இல் முடிவு கூறியது. கருவி நம்பிக்கை தருவதாக இருப்பதை அவர்கள் மறுக்கவில்லை. அதனால் நோயாளியின் நிலையில் என்ன மாற்றம் வருகிறது என்பதுதான் உறுதிப்படவில்லை.

பதில்: பிள்ளைப்பிணி

நான் கிராமப்புறத்தில் குழந்தைநல மருத்துவராகப் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். நுண்ணுயிரியல் நண்பர் கூறியவற்றோடு குழந்தைகளைப் பற்றி மட்டும் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை நீராகக் கழிகிறது என்றால், நான் முதலில் அறிய வேண்டியது கிருமியின் பெயரை அல்ல. கண் குழி விழுந்திருக்கிறதா, தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத் திரும்புகிறதா, தாகத்தோடு குடிக்கிறதா அல்லது குடிக்கவும் முடியாமல் துவண்டு கிடக்கிறதா, கடைசியாகச் சிறுநீர் எப்போது போனது ஆகியவற்றைத்தான். இந்தச் சோதனை இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும், காசு கிடையாது. பிறகு ஓ.ஆர்.எஸ்., தாய்ப்பால், வழக்கமான உணவு, 14 நாள்களுக்குத் துத்தநாகம்: ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம், அதற்கு மேற்பட்டால் 20 மில்லிகிராம். 1971-இல் வங்கதேசப் போரின்போது பன்கான் அகதி முகாமில் காலரா பரவியபோது டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிறைத்துக் கொடுத்து இறப்பைச் சுமார் 30 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காட்டுக்கும் கீழே கொண்டுவந்தார். ஒவ்வொருவருக்கும் மலப் பரிசோதனை செய்து பார்த்துவிட்டு அவர் அந்த நீரைக் கொடுக்கவில்லை.

ஆன்டிபயாடிக் கொடுத்தால் நல்லதுதானே என்று கேட்போருக்கும் விடை கிடைத்திருக்கிறது. இந்தியா உள்பட ஏழு நாடுகளில், இரத்தம் கலவாத வயிற்றுப்போக்கோடு நீரிழப்போ ஊட்டக்குறைவோ இருந்த 8,000-க்கும் மேற்பட்ட சிறு குழந்தைகளிடம் அசித்ரோமைசினைக் கொடுத்தும் போலி மருந்தைக் கொடுத்தும் ஒப்பிட்டார்கள். ஆறு மாதக் கணக்கில் இறப்பு விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 2021-இல் அதன் முடிவு வெளிவந்தது. பொதுவாக எல்லோருக்கும் கொடுப்பதால் பயனில்லை என்பதே இதன் பொருள். யாருக்குப் பயன் உண்டு என்று பிரித்தறியக்கூடிய மலிவான பரிசோதனை வந்தால் அதை முதலில் வரவேற்பவன் நானாகத்தான் இருப்பேன்.

22 கிருமிப் பட்டியலைக் கைக்குழந்தைகளிடம் பயன்படுத்துவதில் எனக்குக் குறிப்பாக ஓர் அச்சம் உண்டு. அந்தப் பட்டியலில் குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமியும் இருக்கிறது. நலமாக இருக்கும் கைக்குழந்தைகளின் குடலிலேயே அது சர்வசாதாரணமாகத் தங்கியிருக்கும் என்பதால், ஒரு வயது நிறையாத குழந்தைகளிடம் வழக்கமாக அதைத் தேட வேண்டாம் என்று அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனால் தொகுப்பாகத் தேடும் கருவி கேட்காததையும் சொல்லிவிடுகிறது. தாளில் அச்சான பிறகு அதைப் பார்த்தும் பார்க்காதது போல இருக்கப் பெற்றோராலும் முடிவதில்லை, சில மருத்துவர்களாலும் முடிவதில்லை. ரோட்டா வைரஸிலும் இதே நிலைதான். ஆறு, பத்து, பதினான்கு வார வயதில் நாம் வாயில் விடும் சொட்டு மருந்து உயிருள்ள வைரஸ். அது சில நாள்களுக்கு மலத்தில் வெளியேறும். தடுப்பு மருந்து போட்ட அடுத்த வாரம் பி.சி.ஆர். செய்தால் 'ரோட்டா உண்டு' என்று வருவதில் வியப்பில்லை.

இவற்றையெல்லாம்விட ஆபத்தானது ஒன்று உண்டு. விட்டுவிட்டு வீறிட்டு அழுது, வாந்தி எடுத்து, இரத்தமும் சளியுமாக மலம் போகும் எட்டு மாதக் குழந்தைக்குக் குடல் குடலுக்குள் செருகிக்கொண்டிருக்கலாம். அதற்குத் தேவை ஸ்கேனும் அறுவை மருத்துவரும். அந்த நேரத்தில் ஏதோ ஒரு கிருமியின் பெயர் அச்சாகி வந்து, விடை கிடைத்துவிட்டது என்று எல்லோரும் நிம்மதியடைந்துவிட்டால் குழந்தையை இழக்க நேரிடும்.

பதில்: கும்பகோணத்து வாசகன்

மருத்துவர்கள் இருவரும் பரிசோதனை வேண்டாம் என்பதற்கே காரணம் அடுக்குகிறீர்கள். நோயாளியாக இருந்து பார்த்தால் நிலைமை வேறு. என்ன நோய் என்று தெரியாமல் பைநிறைய மாத்திரையோடு வீட்டுக்குப் போவது எவ்வளவு வேதனை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. என் மனைவிக்குக் காய்ச்சலும் வயிற்றுவலியும் வரும்போதெல்லாம் இரத்தம் எடுத்து, ஒரு மணி நேரத்தில் 'டைஃபாய்டு பாசிட்டிவ்' என்று சொல்லி ஊசி போடுகிறார்கள். ஒரே ஆளுக்கு இத்தனை முறை டைஃபாய்டு வருமா என்று கேட்டால் சரியான விடை இல்லை. இதைவிட நல்ல கருவி இருக்கிறது என்றால் ஆயிரக்கணக்கில் செலவானாலும் செய்துகொள்ள என்னைப் போன்றவர்கள் அணியமாகவே இருக்கிறோம்.

பதில்: நுண்ணோக்கி

ஐயா, தங்கள் கோபம் முற்றிலும் நியாயமானது. இந்த இழையில் நான் முதலில் எழுதியிருக்க வேண்டிய செய்தியையே தாங்கள் தொட்டிருக்கிறீர்கள். நம் ஊர்களில் விரைவான பரிசோதனைக்குப் பஞ்சமே இருந்ததில்லை; வைடால் பல தலைமுறைகளாக ஒரு மணி நேரத்துக்குள் விடை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது.

1896-இல் பிரான்சின் ஃபெர்னாண்ட் வைடால் உருவாக்கிய அந்தப் பரிசோதனை டைஃபாய்டுக் கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக நம் உடல் உண்டாக்கிய எதிர்பொருளைத் தேடுகிறது. அந்த எதிர்பொருள் தென்படக் காய்ச்சல் தொடங்கி ஒரு வாரமாவது ஆகும் என்பதால், மூன்றாம் நாளில் 'நெகட்டிவ்' என்று வந்தால் அதற்குப் பொருளில்லை. முன்பு எப்போதோ வந்துபோன டைஃபாய்டு, வேறு வகைச் சால்மோனெல்லா, தடுப்பூசி, சில சமயம் மலேரியா போன்ற தொடர்பில்லாத காய்ச்சல் ஆகியவற்றாலும் அது ஏறி நிற்கும் என்பதால், ஒற்றை முறை 'பாசிட்டிவ்' என்று வந்தாலும் அதை நம்பி முடிவு செய்ய இயலாது. ஒன்றிரண்டு வார இடைவெளியில் இருமுறை இரத்தம் எடுத்து அளவு நான்கு மடங்கு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதே முறை. அதை யாரும் செய்வதில்லை. தங்கள் மனைவிக்கு வந்த காய்ச்சல்களில் எது டைஃபாய்டு, எது இல்லை என்பதை அந்தத் தாள்களை வைத்து இப்போது யாராலும் சொல்ல முடியாது.

டைஃபாய்டை உறுதிசெய்ய, ஆன்டிபயாடிக்கின் முதல் வேளைக்கு முன்னதாக இரத்தக் கல்ச்சர் எடுக்க வேண்டும். அதுவும் பத்து பேரில் ஏறக்குறைய ஆறு பேரையே கண்டுபிடிக்கும். ஒன்றிரண்டு நாளாவது ஆகும். ஆனால் கண்டுபிடித்துவிட்டால் எந்த மருந்து கேட்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடும். டில்லி, கொல்கத்தா, புனே, வேலூர் ஆகிய இடங்களில் குழந்தைகளைத் தொடர்ந்து கண்காணித்து, இரத்தக் கல்ச்சரை அளவுகோலாகக் கொண்டு செய்த ஆய்வு 2023-இல் வெளியானது. நகர்ப்புறத் தளங்களில் டைஃபாய்டு உண்மையாகவே மிகுதி என்பதையும், புனே அருகிலுள்ள கிராமப்புறத் தளத்தில் அது மிகக் குறைவு என்பதையும் அது காட்டியது. வைடாலை வைத்துக் கணக்கெடுத்திருந்தால் இந்த வேறுபாட்டை நம்பத்தக்க வகையில் நிறுவியிருக்க முடியாது.

இதே கதைதான் மலத்தில் 'அமீபா' பார்ப்பதிலும். நோய் உண்டாக்கும் எண்டமீபா ஹிஸ்டோலிட்டிகாவும் தீங்கற்ற எண்டமீபா டிஸ்பாரும் நுண்ணோக்கியில் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். இரத்தச் சிவப்பணுக்களை விழுங்கிய நிலையில் கண்டால் மட்டும் முன்னதைச் சந்தேகிக்கலாம். 'அமீபாவின் உறைக்கூடுகள் (சிஸ்ட்) காணப்பட்டன' என்ற ஒரு வரியை வைத்து எழுதப்படும் மெட்ரோநிடசோல் என்ற அமீபா மருந்தில் எவ்வளவு தேவையானது என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

புதிய பி.சி.ஆர். கருவி வைடாலைவிடப் பல மடங்கு நம்பத்தக்கது. ஆனால் அந்த 22 கிருமிகளில் டைஃபாய்டுக் காய்ச்சலை இரத்தத்தில் கண்டறிவது அடங்காது. அது மலத்தைத்தான் பார்க்கிறது. டைஃபாய்டின் முதல் வாரத்தில் மலத்தில் கிருமி பெரும்பாலும் கிடைப்பதில்லை. தங்கள் மனைவியின் சிக்கலுக்கு அந்தக் கருவியும் விடையாகாது.

பதில்: களப்பணி

பொதுச் சுகாதாரத் துறையில் நோய்க் கண்காணிப்பில் இருக்கிறேன். இதுவரை எல்லோரும் ஒரு நோயாளியை முன்வைத்தே பேசினீர்கள். என் வேலை அடுத்த நோயாளி உருவாகாமல் பார்ப்பது. ஆகவே என் கணக்கு கொஞ்சம் மாறுபடும்.

ஒரே தெருவிலிருந்து ஒரே நாளில் நான்கு பெரியவர்கள் அரிசி கழுவிய நீர் போலப் பேதியாகி வந்தால், அவர்களுக்கு டிரிப்ஸ் ஏற்றக் காலரா என்ற பெயர் தேவையில்லை. எனக்குத் தேவை. அந்தப் பெயர் இன்று மாலைக்குள் கிடைத்தால் இன்றிரவே குழாயில் உடைப்பு எங்கே என்று தேடலாம். கழிவுநீர் கலந்த பகுதியை அடைத்துவிட்டு லாரியில் தண்ணீர் விடலாம். தெருக்கோடிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருக்கிறதா என்று அளக்கலாம். மூன்று நாள் கழித்துக் கல்ச்சர் முடிவு வரும்போது அந்தத் தண்ணீரை ஊரே குடித்திருக்கும். இந்த ஓர் இடத்தில் சில நூறு ரூபாய்க் கார்டு டெஸ்ட்டே போதும், பல ஆயிரம் ரூபாய்க் கருவி தேவையில்லை.

காலராவுக்கான கார்டு டெஸ்ட்டாகிய பட்டைச் சோதனை கால் மணி நேரத்தில் விடை சொல்கிறது. மலத்தில் நேரடியாகச் செய்தால் பொய்யாகப் 'பாசிட்டிவ்' காட்டுவது உண்டு. காரப் பெப்டோன் நீரில் சில மணி நேரம் வளரவிட்டுப் பிறகு செய்தால் அது குறைகிறது. ஒரு தனி நோயாளியின் முடிவை வைத்து நான் எதையும் அறிவிக்க மாட்டேன். ஒரே இடத்திலிருந்து பலர் 'பாசிட்டிவ்' என்றால் கல்ச்சருக்குக் காத்திராமல் தண்ணீர் வேலையைத் தொடங்கிவிடுவேன். 2024-இல் கவி என்னும் தடுப்பூசிக் கூட்டமைப்பு மலாவி தொடங்கிக் காலரா மிகுந்த நாடுகளுக்கு இலட்சக்கணக்கான பட்டைகளை அனுப்பியதும் இந்த நோக்கத்தில்தான். நோய் எங்கே இருக்கிறது என்று விரைவில் தெரிந்தால், குறைந்த அளவே கிடைக்கும் தடுப்பு மருந்தைச் சரியான ஊருக்கு அனுப்பலாம்.

ஆனால் கல்ச்சரைக் கைவிடாதீர்கள் என்று நுண்ணுயிரியல் நண்பர் சொன்னதை நானும் வலியுறுத்துகிறேன். அதற்குச் சென்னையே சாட்சி. 1992-இன் பிற்பகுதியில் அங்கே காலரா போலவே பரவிய நோயில் கிடைத்த விப்ரியோ என்ற காலராக் கிருமி, ஓ1 என்ற வழக்கமான வகையை அடையாளம் காட்டும் எதிர்ச்சீரத்தோடு ஒட்டவில்லை. கிருமியை வளர்த்துக் கையில் வைத்திருந்ததால்தான் அது இதுவரை காணாத புதிய வகை என்று ஆராய முடிந்தது. அதற்கு ஓ139 என்று பெயரிட்டார்கள். இன்றைய பட்டைச் சோதனைகள் சிலவற்றில் இரண்டாவது கோடு ஒன்று இருப்பது அதற்காகத்தான். நாம் ஏற்கெனவே அறிந்ததை மட்டுமே தேடும் பரிசோதனையால் புதிய வகை ஒன்றைப் பிடித்திருக்க முடியாது.

ஜெர்மனியில் 2011-இல் நடந்ததும் நினைவுக்கு வருகிறது. ஓ104 வகை ஈ.கோலையால் 3,800-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 800-க்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. 50-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். முதலில் ஸ்பெயின் வெள்ளரிக்காய் மீது பழி விழுந்து, அந்நாட்டு விவசாயிகள் பெரும் நட்டப்பட்டார்கள். கடைசியில் முளைகட்டிய வெந்தயம் என்று தெரிந்தது. நோயாளிகளிடம் வளர்த்தெடுத்த கிருமியை ஒப்பிட்டுப் பார்க்காமல், யார் எங்கே என்ன சாப்பிட்டார்கள் என்று வீடுவீடாக விசாரிக்காமல், எந்தக் கருவியும் வெந்தயத்தைச் சுட்டிக்காட்டியிருக்காது. இப்போது அமெரிக்காவில் பி.சி.ஆர். மட்டும் செய்துவிட்டுக் கிருமியை வளர்க்காமல் விடும் ஆய்வகங்கள் பெருகியதால், பரவலை இணைத்துப் பார்க்கும் தொடர்பு அறுந்துபோகிறது என்று அங்குள்ள கண்காணிப்புத் துறையினரே கவலைப்படுகிறார்கள்.

மறுமொழி: காவிரிக்கரை

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. எங்கள் மருத்துவர்கள் இருவரிடமும் இந்த இழையைப் படிக்கக் கொடுத்தேன். குழந்தைநல மருத்துவர் வெளிப்படையாகவே மகிழ்ந்தார். பொது மருத்துவர், "கருவி வேண்டாம் என்றால் சரி, ஆனால் ஆன்டிபயாடிக்கை எதை வைத்து நிறுத்துவது?" என்று கேட்கிறார். கருவி வாங்காமலேயே எங்கள் ஆய்வகத்தில் செய்யக்கூடிய திருத்தங்கள் என்னென்ன என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: நுண்ணோக்கி

அவருடைய கேள்வி சரியான கேள்வி. இரத்தமும் காய்ச்சலும் இல்லாத நீர்த்த பேதியில், காலரா என்ற ஐயமும் இல்லாவிட்டால், ஆன்டிபயாடிக்கை நிறுத்த எந்தப் பரிசோதனையும் தேவையில்லை. அவற்றில் பெரும்பாலானவை தாமாகவே அடங்கிவிடும். நோயாளியைச் சமாதானப்படுத்தத் தாள் ஒன்று வேண்டும் என்ற நிலை இருந்தால், குழந்தைகளுக்கு ரோட்டா கார்டு டெஸ்ட் அந்த அளவில் பயன்படும். 'வைரஸ்தான்' என்று காட்டினால் தாய்மார்கள் ஏற்றுக்கொள்கிறார்கள் என்பது நான் பழகிய குழந்தைநல மருத்துவர்கள் பலர் சொல்வது.

நான் தங்கள் இடத்தில் இருந்தால் வைடாலை நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தில் இரத்தக் கல்ச்சர் புட்டிகளை வாங்கி வைப்பேன். இதற்கு எதிர்ப்பு வரும். ஆய்வக வருமானத்தில் வைடாலின் பங்கு என்ன என்பதை நிர்வாகியான தாங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கும் நீண்டநாள் பேதிக்காரர்களுக்கும் மட்டும் பி.சி.ஆர். தொகுப்பை வெளியாய்வகம் ஒன்றில் செய்துதர ஏற்பாடு செய்துகொள்ளலாம். ஆண்டுக்குச் சில மாதிரிகளுக்காகக் கருவியைச் சொந்தமாக வைத்துக்கொள்வது, வாரம் ஒருமுறை கும்பகோணம் போவதற்குப் பேருந்தையே விலைக்கு வாங்குவதைப் போன்றது.

வேகத்தைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு மணி நேரக் கருவி என்றால், மாதிரி அதற்குள் செருகப்பட்ட பிறகு ஒரு மணி நேரம். நோயாளி மலம் கொடுக்க மாலையாகி, புட்டி செவிலியர் மேசையில் இரவு முழுவதும் இருந்து, காலையில் ஆய்வகம் திறந்து, முடிவு மதியம் மருத்துவர் சுற்று முடிந்த பிறகு வார்டுக்கு வந்தால், அது ஒரு நாள் பரிசோதனை. பெரிய மருத்துவமனைகளிலேயே பெரும்பாலான தாமதம் இங்கேதான் நிகழ்கிறது. தங்கள் மருத்துவமனையில் கல்ச்சர் நான்கு நாள் ஆவதில் எத்தனை நாள் கிருமி வளர்வதற்கு, எத்தனை நாள் கூரியருக்கும் மின்னஞ்சலுக்கும் என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள். ஷிகெல்லாவும் சால்மோனெல்லாவும் வளர்ந்து அடையாளம் காணப்பட இரண்டு மூன்று நாள் போதும். முதல் நாள் வளர்ச்சியைப் பார்த்தே தொலைபேசியில் ஒரு சொல் சொல்லும்படி திருச்சி ஆய்வகத்திடம் கேட்டால் அவர்கள் மறுக்க மாட்டார்கள்.

கெட்டியான மலத்தைப் பரிசோதனைக்கு ஏற்காதீர்கள். குணமாகிவிட்டதா என்று பார்க்க மறுபடி பி.சி.ஆர். செய்யச் சொன்னால் மறுத்துவிடுங்கள். கிருமி செத்த பிறகும் அதன் மரபுப்பொருள் பல நாள்கள் மலத்தில் தென்படும்.

பதில்: களப்பணி

மாதிரியைப் பற்றி இரண்டு குறிப்புகளைச் சேர்த்துவிடுகிறேன். முதல் வேளை ஆன்டிபயாடிக்குக்கு முன் எடுக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேராது என்றால் மலத்தில் தோய்த்த பஞ்சுக் குச்சியைக் கேரி-பிளேர் என்னும் கடத்து ஊடகத்தில் வைத்து அனுப்ப வேண்டும். இது விலை மலிவானது, அறையிலேயே பல மாதம் வைத்திருக்கலாம், மாவட்ட ஆய்வகத்தில் கேட்டாலும் கிடைக்கும். ஷிகெல்லாவைச் சந்தேகித்தால் குளிர்ச்சியில் அனுப்புங்கள். காலராவைச் சந்தேகித்தால் குளிர்பெட்டியில் வைக்காமல் அறை வெப்பத்திலேயே அனுப்புங்கள்.

ஒரே பகுதியிலிருந்து மூன்று நான்கு பேர் வந்துவிட்டால் எந்த முடிவுக்கும் காத்திருக்க வேண்டாம். தனியார் மருத்துவமனையாக இருந்தாலும் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் தளத்தில் சந்தேக நிலையிலேயே பதிவு செய்யலாம். அதற்கு முன்பாக மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டால், நோயாளிகளின் தெருப் பெயரைக் குறித்துக்கொண்டு நாங்கள் அன்றைக்கே புறப்பட்டுவிடுவோம்.